‘777’ போடச் சொல்லும் விடை திருத்தப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவரும் கணினிக் கேள்வி பதில் பகுதியில், லினக்ஸ் இயங்குதளக் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும்போது ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி மறுக்கப்பட்டது) என்று வந்தால் என்ன செய்வது என்று அண்மையில் ஒரு மாணவர் கேட்டிருந்தார். கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, நிர்வாகி அதிகாரத்தோடு அனுமதிகளை மாற்றும் ‘சூடோ சிஎச்மாட்’ கட்டளையைப் பெரிய எழுத்து ஆர், 777 ஆகியவற்றுடன் தட்டி, ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால் போதும் என்று விடை அளிக்கப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் பெரும்பாலும் கோப்பு திறந்துவிடும். ஆனால் அந்த ஒரு வரி யார் யாருக்கு எதையெல்லாம் திறந்துவிடுகிறது என்பதைப் பற்றி விடையில் ஒரு சொல்கூட இல்லாததால் இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பகுதிகளில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. கேரளத்தில் 2001-இல் தொடங்கிப் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017-இல் அது உருமாறி அமைந்த கைட் நிறுவனமும் பள்ளிகளில் லினக்ஸையே நிலைபெறச் செய்திருப்பதால், இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணினி என்றாலே உபுண்டு என்னும் வகையின் வழி வந்த லினக்ஸ்தான். மலையாளத்தில் கிடைக்கும் அளவுக்கு விளக்கங்கள் தமிழில் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே தமிழ் நாளிதழில் ஒரு கட்டளை அச்சானால், மறுநாளே அது கணினி ஆய்வகத்தில் தட்டப்பட்டுவிடுகிறது.

பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் உருவாகத் தொடங்கிய காலத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். எனவே ஒருவருடைய கோப்பை மற்றவர் என்ன செய்யலாம் என்பதை அந்த அமைப்பே காவல் காக்க வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடே இன்றைய லினக்ஸிலும் தொடர்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையை ‘-எல்’ என்பதோடு சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்துக் குறிகள் தெரியும். முதற்குறி ‘டி’ என்றிருந்தால் அது அடைவு, அதாவது நாம் ஃபோல்டர் என்பது. வெறும் கோடாக இருந்தால் சாதாரணக் கோப்பு. எஞ்சிய ஒன்பதும் மும்மூன்றாக உரிமையாளர், குழு, ஏனையோர் ஆகியோருக்கு உரியவை. படிக்க ‘ஆர்’, எழுத ‘டபிள்யூ’, இயக்க ‘எக்ஸ்’ என்பவற்றுக்கு முறையே 4, 2, 1 என மதிப்புக் கொடுத்து ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே கூட்டினால் 644, 755 போன்ற எண்கள் வருகின்றன. மூன்று தரப்புக்கும் மூன்று அனுமதியையும் அள்ளிக் கொடுப்பதே 777.

கோப்புக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அடைவுக்கு வரும்போது அதே மூன்று எழுத்துகள் வேறு பொருள் கொள்கின்றன. பெரும்பாலான விளக்கங்கள் நழுவிப்போகும் இடமும் இதுதான். அடைவு என்பது அடிப்படையில் ஒரு பெயர்ப் பதிவேடு. அதில் ‘ஆர்’ இருந்தால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடலாம். ‘எக்ஸ்’ இருந்தால் ‘சிடி’ கட்டளையால் உள்ளே நுழையலாம், உள்ளிருக்கும் கோப்பை அணுகலாம். ‘டபிள்யூ’வும் ‘எக்ஸ்’ஸும் சேர்ந்திருந்தால் புதிய பெயரைச் சேர்க்கலாம், இருக்கும் பெயரை மாற்றலாம், அடித்தும்விடலாம். ஆகவே ஒரு கோப்பை நீக்குவதற்கு அந்தக் கோப்பின் மீது எழுதும் அனுமதி தேவையே இல்லை. அது இருக்கும் அடைவின் மீது இருந்தால் போதும்.

இதை அறியாததால் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். இப்பகுதிப் பள்ளி ஒன்றில், பொது ஃபோல்டருக்கு 777 கொடுத்து வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் செயல்திட்டக் கோப்புக்கு, எல்லோரும் படிக்க மட்டுமே முடிகிற 444 கொடுத்து, இனி யாரும் தொட முடியாது என்று நம்பியிருந்தாள். வேறு கணக்கில் நுழைந்த இன்னொரு மாணவன் இடத்தைக் காலி செய்வதற்காக, கோப்பை நீக்கும் ‘ஆர்எம்’ கட்டளையை இட்டபோது, இது எழுதத் தடையுள்ள கோப்பு, நீக்கலாமா என்று கணினி கேட்டது. அவன் ‘ஒய்’ அழுத்தினான், கோப்பு போய்விட்டது. டெர்மினலில் நீக்கியது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை என்பதால் மீட்கவும் வழியில்லை. இதில் அந்த இரு பிள்ளைகள் மீதும் நான் குறை காணவில்லை. அடைவுக்கு 777 கொடுத்தவர்களே இதற்குப் பொறுப்பு.

அந்த வகையான பொது ஃபோல்டருக்கு முறையான வழி யூனிக்ஸிலேயே இருக்கிறது. எல்லோரும் எழுதும் ‘டெம்ப்’ அடைவின் அனுமதி 1777 ஆகும். முன்னால் நிற்கும் அந்த 1, ‘ஸ்டிக்கி பிட்’ எனப்படுவது. அது இருந்தால் கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், ரூட் எனப்படும் தலைமை நிர்வாகக் கணக்கு ஆகியோரைத் தவிர வேறு எவரும் கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ இயலாது. ஆய்வகத்தில் வகுப்புக்கு ஒரு குழுவை உருவாக்கி, பொது ஃபோல்டரை அக்குழுவுக்கு உரியதாக்கி, 1770 கொடுத்துவிட்டால், வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் அதில் தங்கள் கோப்புகளை வைக்கலாம். ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்க முடியாது. அந்த மாணவியின் உழைப்பு இந்த ஓர் இலக்கத்தால் தப்பியிருக்கும்.

விடையில் இருந்த பெரிய எழுத்து ‘ஆர்’ இன்னும் கவலைக்குரியது. அது ஃபோல்டருக்குள் உள்ள ஃபோல்டர்கள் அனைத்துக்குள்ளும் இறங்கிச் சென்று, படம், கடிதம் என்று பாராமல் எல்லாக் கோப்புகளுக்கும் இயக்க அனுமதியைத் தந்துவிடும். ‘சூடோ’வுடன் அதையே தவறுதலாக, எல்லா அடைவுகளுக்கும் மேலே உள்ள வேர் அடைவில் இட்டால், சூடோ நிரலுக்கே உரிய சிறப்பு அனுமதியும் அழிந்து, அதற்குப் பிறகு சூடோ இயங்க மறுத்துவிடும். தொலைக் கணினிக்குப் போகப் பயன்படும் எஸ்எஸ்எச் மந்தணச் சாவிக்கோப்பு, மற்றவர்களும் படிக்கும்படி திறந்து கிடந்தால் அந்த நிரல் அதை ஏற்பதில்லை. அதற்கு 600 கொடுப்பதே வழக்கம். பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் கல்லூரிக்குப் போகும் எங்கள் பிள்ளைகள், 777 பழக்கத்தோடு அங்கே சர்வர்களைக் கையாளப் போவதை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அந்த மாணவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது, ‘எல்எஸ்’ கட்டளையால் கோப்பும் அதன் அடைவும் யாருக்கு உரியவை என்று பார்க்கச் சொல்வதே. சூடோ கொடுத்து நகலெடுத்த கோப்பு ரூட்டுக்கு உரியதாகிவிடும். அப்போது தேவைப்படுவது உரிமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ கட்டளை. வேறொருவரின் ஹோம் அடைவில், அதாவது அவருக்கே உரிய தனி அடைவில், உள்ள கோப்பு என்றால், உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் அடைவுகள் 750 அனுமதியோடு உருவாவதால் அது திறக்காமல் இருப்பதே சரி. கோப்பை உரியவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பென் டிரைவ் பெரும்பாலும் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்எஃப்ஏடி வடிவில் இருக்கும். இவ்வடிவங்களில் யூனிக்ஸ் அனுமதிகளைப் பதிந்து வைக்கவே இடமில்லை என்பதால், அங்கே சிஎச்மாட் இடுவதில் பயனில்லை. உட்கோப்புகள் அனைத்துக்கும் அனுமதியை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், சிஎச்மாட் கட்டளையில் பெரிய எழுத்து ‘எக்ஸ்’ என்பதைப் பயன்படுத்தலாம். அது அடைவுகளுக்கும், முன்பே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டுமே அந்த அனுமதியைக் கொடுக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் ‘பிடபிள்யூடி’ என்று தட்டி, எந்த அடைவில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் பழக்கத்தையும் சொல்லித்தர வேண்டும்.

அந்த விடை வெளிவந்த அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடைவின் அனுமதியும் கோப்பின் அனுமதியும் எப்படி வேறுபடுகின்றன என்பதை ஒரு ‘எல்எஸ்’ வரியை அச்சிட்டுக் குறி குறியாக விளக்கினால், அதை எங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.