புள்ளைக்கு கிட்னி நோய் வந்தா அம்மா சமையலை குத்தம் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல குழந்தைங்க கிட்னி நோய் பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க. உப்பு, சிப்ஸ், பாக்கெட் ஐட்டம் குடுக்காதீங்கன்னு எழுதுனது நல்ல விஷயம்தான், ஆனா அதைப் படிச்சிட்டு எங்க அத்தை, அதாவது என் தங்கச்சிக்கு மாமியார், பேப்பரை அவகிட்டயே கொண்டுபோய் நீட்டிட்டாங்க, "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு. அவ ராத்திரி முழுக்க தூங்கல. அதான் எழுதறேன்.

அவ பையனுக்கு 3 வயசுல காலைல எந்திரிச்சா கண்ணு இமை வீங்கியிருக்கும், யூரின் போனா நுரை நுரையா நிக்கும். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம், அதாவது கிட்னி வழியா புரோட்டீன் யூரின்ல ஒழுகற நோய்னு சொல்லி ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க. அது சரியான வைத்தியம்தான், இந்த நோய் வர்ற குழந்தைங்கள்ல பத்துக்கு எட்டு ஒம்பது பேருக்கு அதுல கேட்டுரும், அதனால யாரும் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திராதீங்க. ஆனா இவனுக்கு மட்டும் யூரின் டெஸ்ட்ல ஆல்புமின்ங்கற புரோட்டீன் 3 பிளஸ்ல, அதாவது ரொம்ப ஜாஸ்தியா நின்னது, இறங்கவேயில்ல. ஒரு ஆஸ்பத்திரி மாத்தி இன்னொண்ணு, அங்கயும் மொதல்ல இருந்து அதே ஸ்டீராய்டு, ஒன்றரை வருஷம் ஓடிப்போச்சு. மூஞ்சி உருண்டையாகி கன்னத்துல முடி வந்து உயரமே நின்னுபோச்சு புள்ளைக்கு. மூணாவதா பாத்த டாக்டரம்மாதான் உக்காந்ததும் கேட்டாங்க, "சொந்தத்துல கல்யாணமா?"ன்னு. அதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி.

ஜீன் டெஸ்ட்ல போடோசின்னு ஒரு புரோட்டீன் கோளாறுன்னு வந்துச்சு. அவங்க சொன்னதுல எனக்கு புரிஞ்சது இது: கிட்னி ஃபில்டர்ல இருக்கற செல்லுங்க விரல் கோத்த மாதிரி நிக்குது, அந்த விரலிடுக்குல நெஃப்ரின்னு ஒரு புரோட்டீன் கம்பி வேலி மாதிரி ஓடுது, அந்தக் கம்பியைப் புடிச்சு நிறுத்தற வேலிக்கல்லுதான் போடோசின். கல்லு இல்லன்னா கம்பி நிக்குமா, ரத்தத்துல இருக்கற ஆல்புமின் எல்லாம் யூரின்ல போயிருது. கம்பியே இல்லாம பொறக்கற குழந்தைங்களும் உண்டு, ஃபின்லாந்துல அது ரொம்ப ஜாஸ்தி, 1998ல ட்ரிக்வாசன்ங்கற விஞ்ஞானியோட டீம் நெஃப்ரினைக் கண்டுபுடிச்சதே அந்தக் குடும்பங்கள வச்சுத்தான். போடோசின் ஜீனை 2000ல பாரிஸ்ல கண்டுபுடிச்சாங்க. ஸ்டீராய்டு செய்யறது நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கற வேலை, இங்க கோளாறு வேலியிலயே இருக்கு, அப்புறம் எப்படிக் கேக்கும்?

இதுல அம்மா சமையலுக்கு எந்த சம்பந்தமும் இல்ல. அந்த ஜீன்ல நமக்கு ரெண்டு காப்பி இருக்கு, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு பாத்துக்கும், அதனால அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒரு வியாதியும் தெரியாது. ரெண்டு பேருகிட்ட இருந்தும் கெட்ட காப்பியே வந்தாத்தான் புள்ளைக்கு நோய், ஒவ்வொரு பிரசவத்துக்கும் 4ல 1 வாய்ப்பு. மச்சானும் தங்கச்சியும் ஒரே தாத்தா பேரப்புள்ளைங்க, ஒரே காப்பி ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கு, அதுல என் தங்கச்சி பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் அத்தை பையன் பங்கும். 2019-21 குடும்ப நல சர்வேயில தமிழ்நாட்டுல 100க்கு 28 கல்யாணம் சொந்தத்துலன்னு இருக்கு. அப்போ நம்ம டாக்டருங்க இந்தக் கேள்வியை முதல் நாளே கேக்கணும்ல? நாலு ஆறு வாரம் ஸ்டீராய்டு குடுத்தும் ஆல்புமின் நிக்கலைன்னா ஜீன் டெஸ்ட் பத்தி பெத்தவங்களும் தைரியமா கேளுங்க.

பையனுக்கு இப்ப 7 வயசு. ஸ்டீராய்டு நிறுத்தியாச்சு, பிரஷர் மாத்திரை மட்டும் ஓடுது, ஆல்புமின் ஒழுகறதை அது கொஞ்சம் குறைக்குமாம். என்னைக்காவது மாத்து கிட்னி தேவைப்படும், ஆனா இந்த வகையில புது கிட்னியில நோய் திரும்பறது குறைவுன்னு சொல்லியிருக்காங்க, அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல, பரம்பரையா வர்ற கிட்னி நோய்க்கு சாப்பாடு காரணமில்லன்னு நாலு வரி போடுங்க சார், எங்க அத்தைக்கு நானே படிச்சுக் காட்டறேன்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா