போடப் போடத் தளர்ந்துவிடுமா ஓட்டக் காலணி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களோடு இப்போது ஓடுபவர்களும் பெருகிவருவது மகிழ்ச்சி தருகிறது. ஐம்பது வயதை நெருங்கும் நானும் சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன். புதிதாக ஓட வருகிறவர்கள் எத்தனை சுற்று, என்ன வேகம் என்றெல்லாம் விசாரிக்கிறார்களே தவிர, காலில் போடுவதைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். நானும் நம்பிக் கெட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில், செருப்புக்கு நான் போடும் எட்டாம் நம்பரிலேயே ஓட்டக் காலணி கேட்டேன். கட்டைவிரல் நுனியில் இடிக்கிறதே என்றதற்கு, "போடப் போட லூசாகிடும் சார்" என்றார் விற்பனையாளர். மேல்துணி சற்று நெகிழலாம், நீளம் எப்படிக் கூடும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருநீலமாகி, ஒன்று கழன்றே விழுந்தது. மாற்றிக் கேட்கப் போனால், அடியில் மண் ஒட்டியிருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். ஓடுவதற்கு வாங்கிய காலணியில் மண் ஒட்டாமல் வேறென்ன ஒட்டும்?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. பாதம் அழுந்தி முன்னால் நகர்கிறது. நேரம் ஆக ஆக வீங்கவும் செய்கிறது. ஆகவே எழுந்து நின்று பார்க்கையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் (சிலருக்கு அது கட்டைவிரல் அல்ல, அடுத்த விரல்) ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். லேஸைக் கட்டிய பின் குதிகால் மேலே கழன்று வரக் கூடாது. வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதம் விரல் பக்கம் அகன்றிருப்பதால், நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்குவதுண்டு. அப்போது நம்பரைக் கூட்டாமல் அகலமான வகையைக் கேட்பதே முறை. கால் சற்று உப்பியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு கடைக்குச் செல்வது நல்லது. நான் இப்போது பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரு பாதங்களையும் பென்சிலால் வரைந்து அளந்துகொண்டுதான் போகிறேன். என் வலது பாதம் இடதைவிட அரை சென்டிமீட்டர் நீளம் என்பதே இந்த வயதில்தான் தெரிந்தது. பெரிய பாதத்துக்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு மூன்று எண்கள் இருக்கும், ஆண்களுக்கான யூ.கே. 8 பெரும்பாலும் யூ.எஸ். 9 ஆகும் என்பதை இணையத்தில் வாங்குவோர் கவனிக்க வேண்டும்.

ஈரப் பாதத்தைத் தரையில் பதித்து, தட்டைப் பாதமா வளைந்த பாதமா என்று பார்த்து அதற்கென ஒரு வகையை வாங்கச் சொல்வோர் உண்டு. அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் பாத வளைவைப் பார்த்துக் காலணி கொடுத்தும், எல்லோருக்கும் ஒரே வகையைக் கொடுத்தும் ஒப்பிட்டபோது, காயங்களில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. நோவோ பழைய காயமோ இல்லாத புதியவருக்கு, நாலு எட்டு ஓடிப் பார்க்கையில் கால் உறுத்தாமல் இருப்பதே போதுமான சோதனை. பந்தயத்துக்கென வரும் கார்பன் தகடு வைத்த காலணிகளுக்கு இப்போதே பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

மேலே புதிதாகத் தெரிந்தாலும், அடியிலுள்ள நுரை மெத்தை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் தன் மீள்திறனை இழக்கிறது. தெப்பக்குளத்தை ஒரு முறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நாளொன்றுக்கு நான்கு சுற்று, வாரம் நான்கு நாள் என்று ஓடுபவர் ஆறேழு மாதத்திலேயே ஐந்நூறை நெருங்கிவிடுவார்.

நம் ஊர்க் காலணிக் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பாதத்தை அளக்கும் பலகை ஒன்றைக் கடையில் வைத்துக்கொண்டு, வாங்க வருகிறவரைப் பத்தடி தூரமாவது ஓடிப் பார்க்க விட வேண்டும். அடிப்பகுதி அழுக்காகிவிடும் என்பதுதான் தயக்கம் என்றால், துணிக்கடையில் ஜமுக்காளம் விரிப்பதுபோல் கடைக்குள்ளேயே ஒன்றை விரித்துவிடலாம்.

இப்படிக்கு,
தெப்பக்குளத்தில் ஓடும் ஒரு வாசகர்,
மதுரை.