நகத்தோர மருவைச் சுட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளின் நக ஓரத்தில் சொரசொரப்பாக முளைக்கும் மருவுக்குக் குதிரை முடி கட்டுவதும், சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பதும், அம்மான் பச்சரிசிச் செடியின் பால் தடவுவதும் இன்னும் நிற்கவில்லை. மற்ற இடத்தில் புண்ணோடு போய்விடும். நக ஓரத்தில் அப்படியல்ல. நகத்தின் அடிப்பக்கத் தோல் மடிப்புக்குள் இருக்கும் மெல்லிய திசுதான் நகத்தை வளர்க்கிறது. அது வெந்துபோனால் ஆயுளுக்கும் நகம் பிளந்தே வளரும்.

மரு எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸால் வருவது. நகம் கடிக்கும் பிள்ளைக்கு விரல் விட்டு விரல் தாவும், உதட்டுக்கும் போகும். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஓராண்டில் தானே உதிர்ந்துவிடும். வலித்தாலோ பரவினாலோ, மருத்துவரைக் கேட்டு 17 சதவீத சாலிசிலிக் அமிலப் பூச்சைப் பயன்படுத்தலாம். விரல் சூப்பும் குழந்தைக்கு வேண்டாம். இரவில் விரலை 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெளுத்த மேல்தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்து எடுங்கள். அந்த அட்டையை வேறு நகத்தில் படவிடாதீர்கள். சுற்றிலும் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு மருந்து வைத்துக் காயவிடுங்கள். 12 வாரம் வரை ஆகும். மருந்து கேட்கவில்லை என்பவர்களில் பலர் செத்த தோலைத் தேய்க்காமல் பூசியவர்கள், அல்லது மூன்றாம் வாரமே விட்டவர்கள். தோல் சிவந்து எரிந்தால் சில நாள் நிறுத்திவிட்டுத் தொடரலாம்.

இரண்டு வயதுக்குள் வருவது மருவாகவே இல்லாமலும் இருக்கலாம். விரலின் பக்கவாட்டில் வழவழப்பாக, கெட்டியாக, இளஞ்சிவப்பாக ஒரு கட்டி எழும்பி நகத்தைத் தள்ளும். கட்டைவிரலும் கால் பெருவிரலும் அநேகமாகத் தப்பிவிடும். சிட்னியில் நோயியல் மருத்துவர் டக்ளஸ் ரை 1965இல் விவரித்த நார்க்கட்டி இது. புற்றுநோய் அல்ல, உடலில் வேறெங்கும் பரவாது. மரு மருந்து இதில் வேலை செய்யாது. வெட்டினால் அதே இடத்தில் மீண்டும் முளைப்பதே அதிகம். விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் பெரும்பாலும் சுருங்கிவிடும். பயந்துபோய் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். விரல் வளைந்தாலோ மடக்க முடியாமல் போனாலோதான் அது தேவைப்படும்.

மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கால் ஆணிக்கான 40 சதவீத சாலிசிலிக் அமிலப் பிளாஸ்திரியைக் குழந்தையின் விரலுக்கென்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

தோல் மருத்துவர்,
திருநெல்வேலி