ஜீப்பா, நடையா: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கக் காட்டைப் பார்க்கத் தான்சானியாவின் செரெங்கெட்டிக்கு ஜீப்பில் போவதா, சாம்பியாவின் தெற்கு லுவாங்வாவில் நடந்து பார்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் லுவாங்வாவுக்கே போங்கள்.

செரெங்கெட்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் (மாட்டைப் போன்ற தோற்றமுள்ள பெரிய மான்கள்) மழையையும் புல்லையும் தேடிச் சுற்றிவரும் அந்தச் சமவெளிக்கு இணையான காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால், ஆறு நாளில் நான்கு பூங்கா என்ற திட்டத்தை நம்பிப் பணம் கட்டியதால், பகலில் பாதியைப் புழுதிச் சாலையிலேயே கழித்தேன்; சிறுத்தை படுத்திருந்த ஒரே மரத்தைச் சுற்றிப் பதினேழு வண்டிகள் நின்றன.

லுவாங்வாவிலோ, துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே செல்ல, அவருக்குப் பின்னால் வழிகாட்டியும் நாங்களும் ஒற்றை வரிசையில் பேசாமல் நடந்தோம். சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பையை உதறி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று வழிகாட்டி அடிக்கடி பார்த்துக்கொண்டார். ஒரு யானையின் காலடித் தடத்தருகே குனிந்தபோது, உள்ளங்காலின் வெடிப்புகள்கூட மண்ணில் அச்சாகப் பதிந்திருந்தன. அதன்மேல் குறுக்காக ஓடிய, இரவில் ஊரும் வண்டின் மெல்லிய தடத்தைக் காட்டி, யானை விடிவதற்கு முன்பே கடந்துபோய்விட்டது என்றார் வழிகாட்டி. ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

பறவைகளுக்காகவும் உங்களுக்கு இதுவே ஏற்றது. மின்கம்பியில் அமர்ந்திருந்த பச்சைப் பஞ்சுருட்டானைச் சிறுவயதில் எனக்குக் காட்டியவர் நீங்கள்தான்; அதன் உறவான செந்நிறப் பஞ்சுருட்டான்கள் செப்டம்பரில் லுவாங்வா ஆற்றின் செங்குத்தான மண்கரைகளில் கூட்டங்கூட்டமாக வளை தோண்டிக் கூடமைக்கின்றன.

முழங்காலை நினைத்துத் தயங்க வேண்டாம். காலையில் மூன்று மணி நேரம் போல, நின்று நின்று, பெரும்பாலும் சமதரையில்தான் நடை. பெரியம்மாவுக்கு நடக்க விருப்பமில்லை என்றால், நடையும் வண்டிப் பயணமும் சேர்ந்த முகாமாகப் பார்த்து, ஒரே இடத்தில் ஐந்து இரவுகளாவது தங்குங்கள். அங்கே இருட்டிய பிறகும் விளக்கொளியில் வண்டியில் சுற்ற அனுமதி உண்டு. அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும் என்பதால் செப்டம்பர் நடுவில் கிளம்புவது நல்லது.

அந்த நீலச் சட்டையை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். நீலமும் கறுப்பும், கடித்து இரத்தம் குடிக்கும் செட்சி ஈக்களை இழுக்கும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்