கிக்குயு புல்லையும் களைக் கணக்கில் சேருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் அந்நிய மரங்களையும் புதர்களையும் அகற்றுவது குறித்து அண்மைக் காலமாகச் செய்திகள் தொடர்ந்து வருகின்றன. 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையையும் வெளியிட்டது. சீகை மரமும் (வாட்டில்) உண்ணிச்செடியும் (லாண்டானா) காட்டை விட்டுப் போக வேண்டும் என்பதில் இங்கே பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் கண்ணுக்கு உயரமாகத் தெரிகிற தாவரங்களைச் சுற்றியே நடக்கிறது என்பதும், காலடியில் பாய்போல் விரிந்துகொண்டிருக்கும் கிக்குயு புல்லைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை என்பதும் எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

கென்யாவில் கிக்குயு மக்கள் வாழும் மலைப்பகுதியைச் சேர்ந்த புல் இது. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள உயரமான இடங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை என்பதால் உதகையும் குந்தாவும் இதற்குச் சொந்த ஊர் போலாகிவிட்டன. விடுதிகளின் முன்புறம், பங்களாத் தோட்டம், சாலையோரம், மேய்ச்சல் நிலம் என எங்கு பார்த்தாலும் கண் குளிரத் தெரியும் பச்சையில் பெரும்பகுதி இதுதான். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து மேல் இலைகள் கருகினாலும், அடியில் பின்னிக்கிடக்கும் தண்டுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. முதல் மழையில் மீண்டும் தழைத்துவிடுகிறது.

இதன் பலமெல்லாம் அந்தத் தண்டுகளில்தான் இருக்கிறது என்பதை நான் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, தரிசாகக் கிடந்த அரை ஏக்கரில் கேரட் போட எண்ணி, புல்லைக் கையால் எடுக்கச் செலவாகுமே என்று பவர் டில்லரை விட்டு ஓட்டினேன். நிலம் அன்றைக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் டில்லர் ஒவ்வொரு தண்டையும் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி மண்ணோடு கலந்துவிட்டிருந்தது. கணு உள்ள ஒவ்வொரு துண்டும் வேர் விட்டது. கேரட் முளைத்து மூன்றாவது இலை விடுவதற்குள் வயல் முழுவதும் புல்லாகிவிட, அந்தப் போகமே போயிற்று. அதைவிட வருத்தம் தருவது, அப்போது வாரிய புல்லை ஓடைக்கரையில் கொட்டியது. அது அங்கேயே வேர்பிடித்து, இன்று கரையின் இரு பக்கமும் மூடிக் கிடக்கிறது. என் கையால் நடந்த தவறு என்பதால், அதை இந்த மலையில் இன்னொருவர் செய்யாமல் இருக்க வேண்டும் என்றே முக்கியமாக இதை எழுதுகிறேன்.

பிறகு நான் கைக்கொண்ட முறை மெதுவானது, ஆனால் பலன் தந்தது. மழை ஓய்ந்த தை முதல் பங்குனி வரையிலான வறண்ட நாட்களில் மட்டும் முள்கொத்தால் மண்ணைப் புரட்டி, தண்டுகளை முறிக்காமல் நீளமாகவே இழுத்தெடுத்து, வெயிலில் பாறை மேல் பரப்பிச் சருகாகும் வரை காயவிட்டோம். மழைக்காலத்தில் இதைச் செய்தால் பிடுங்கியது எல்லாம் மீண்டும் உயிர்பெற்றுவிடும். சரிவாக இருந்தால் மண்ணும் சேர்ந்து போய்விடும். கொத்த முடியாத ஓரங்களில் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, மேலே சாக்கும் தழையும் போட்டு, ஒளி புகாமல் ஆறு மாதம் மூடி வைத்தோம். சமவெளியில் பாலித்தீன் தாளை விரித்து வெயிலின் சூட்டிலேயே களையைச் சாகடிப்பார்களாம். இங்குள்ள மூட்டத்தில் அந்த அளவுக்குச் சூடு கிடைக்காது, ஆகவே இருட்டைத்தான் நம்ப வேண்டும். கிக்குயு நிழலைத் தாங்காத புல் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. நன்றாகக் கூடி மூடிய தேயிலைக்கு அடியில் அது நிற்பதில்லை. கவாத்து செய்து வெளிச்சம் விழும் ஆண்டிலும், செடி பட்டுப்போன இடைவெளிகளிலும்தான் உள்ளே நுழைகிறது. அதனால் கொத்திய நிலத்தை வெறுமனே விடாமல் உடனே உருளையோ பட்டாணியோ போட்டு மூடிவிட வேண்டும். மூன்று வறட்சிப் பருவங்கள் விடாமல் செய்த பிறகே என் நிலம் கைக்கு வந்தது.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மாடுகள் இதை விரும்பி மேய்கின்றன, இளம்புல்லில் சத்தும் உண்டு. பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்களிடம் போய் இதை முழுவதும் அழித்துவிடுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும் உடலுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைக்காமல் பிணைத்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் இதில் உள்ளது, உப்புச்சத்து குறைவு. இதையே நம்பி வளரும் மாட்டுக்குத் தாது உப்பும் சுண்ணாம்புச் சத்தும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதைக் கால்நடை மருந்தகங்கள் எடுத்துச் சொல்லலாம். இன்னொன்று, இதன் விதை மாட்டின் வயிற்றைக் கடந்தும் முளைக்கும் திறன் உடையது. மட்காத சாணத்தை வயலில் இடுவதும் நாமே விதைப்பதற்குச் சமம்.

எனக்குப் பெருங்கவலை தருவது இயற்கைப் புல்வெளிகளும் சதுப்பு நிலங்களும்தான். நம் மலையின் சொந்தப் புற்கள் குத்துக்குத்தாக வளர்பவை. அந்தக் குத்துகளுக்கு இடையேயுள்ள வெளியில்தான் சிறு பூச்செடிகளும் குறிஞ்சிக் கன்றுகளும் எழுகின்றன. கிக்குயு இடைவெளியே விடாமல் மெத்தையாக மூடுவதால் அவற்றுக்கு ஒளியும் இடமும் இல்லாமல் போகிறது. தோடர் மக்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் அரிய புல் சதுப்பு நிலங்களில்தான் வளர்கிறது. சதுப்புகளை வடித்துக் காய்கறி போட்டது ஒரு பக்கமிருக்க, எஞ்சியவற்றின் விளிம்பிலும் இந்த வேற்றுப் புல் ஏறினால், அந்தக் கூரைக்குப் புல் எங்கிருந்து வரும்?

களைக்கொல்லி தெளித்தால் வேலை முடிந்துவிடுமே என்று சிலர் கேட்கிறார்கள். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியின் பயன்பாட்டை, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே அனுமதிப்பதாக மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்துவிட்டது. அந்த விதி இல்லாவிட்டாலும், பவானிக்கும் மோயாறுக்கும் நீர் தரும் ஓடைகளின் தலைமாட்டில் நின்று கொண்டு மருந்து அடிப்பதை என் மனம் ஏற்காது. தவிரவும், ஒரு முறை அடித்தால் சாகும் புல் அல்ல இது. தெளித்துக் கருகிய இடத்தில் வேறு எதையும் நடாமல் விட்டால், ஓரத்தில் எஞ்சிய தண்டுகள் மறுபடியும் ஓடி வந்து அந்த இடத்தை மூடும்.

ஆகவே தங்கள் இதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் நான் வைக்கும் வேண்டுகோள்கள் சிலவே. காட்டையும் சதுப்பையும் ஒட்டிய விடுதிகளும் வீடுகளும் புதிதாகக் கிக்குயு பதிப்பதற்குத் தடை வேண்டும். புல் வெட்டிய கழிவை ஓடையிலும் சாலைச் சரிவிலும் கொட்டுவதை உள்ளாட்சிகள் நிறுத்த வேண்டும். சீகை மரம் வெட்டிய இடங்களில் வெளிச்சம் விழுந்தவுடன் முதலில் ஓடி வருவது இந்தப் புல்லாக இருக்கக்கூடும் என்பதால், வெட்டும் முன்பே உள்ளூர்ப் புல் நாற்றுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அதற்கான நாற்றங்கால்களைத் தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஊர்களைச் சேர்ந்த பெண்களின் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைத்துக் கூலியும் கொடுத்தால், எந்தப் புல் எந்தச் சரிவில் நிற்கும் என்ற அவர்களது அறிவும் பணிக்குக் கிடைக்கும். என் நிலத்தின் ஓடைக்கரையை இந்தத் தை மாதம் கொத்தத் தொடங்குகிறேன். அங்கே நடுவதற்கு உள்ளூர்ப் புல் நாற்று எங்கே கிடைக்கும் என்று எந்த அலுவலகமாவது சொன்னால் நன்றியுடன் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
மலைக்காய்கறி விவசாயி ஒருவர்,
உதகை வட்டம், நீலகிரி மாவட்டம்.