அந்தச் சின்னக் குழாயை எறிந்துவிடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் பழைய கார்களின் முன் சக்கரப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஒரே ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. சக்கரத்தில் ஆட்டம் இருந்தால் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) நட்டை இறுக்கி, பிறகு நட்டின் ஆறு பட்டைகளில் ஒரு பட்டை அளவு தளர்த்திவிட்டால் போதும், எல்லாப் பழைய கார்களுக்கும் இதுவே முறை என்று எழுதியிருக்கிறார்கள். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் காருக்கு இது சரி. 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு இப்படிச் செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. என் கார் விஷயத்தில் அந்த வம்பை வாங்கியவர் வேறொருவர். விலை கொடுத்தவன் நான்.

லேத்தில் நின்றே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டு வாங்கியது 1967 எம்.ஜி.பி., கம்பிச் சக்கரம் போட்டது. வந்த நாளிலிருந்து பிரேக்கில் ஒரு கோளாறு. திடீரென்று பெடல் பாதிக்கு மேல் கீழே போய்விடும். காலை எடுத்து இன்னொரு முறை மிதித்தால் கல் மாதிரி நிற்கும். பிரேக் ஆயிலில் சேர்ந்திருக்குமோ என்று மூன்று முறை ஏர் எடுத்தேன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து வரும் என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, நேர் ரோட்டுல ஒண்ணும் ஆகலையே. வளைவு தாண்டினப்புறம்தானே இப்படி ஆகுது?"

அதற்குப் பிறகுதான் ஜாக்கியை எடுத்தேன். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வலப்பக்கம் 'டொக் டொக்' என்றது. மனைவியை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றது. விடச் சொன்னேன், திரும்ப வந்தது. சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக இருக்கும் கிங்பின் தேய்ந்திருந்தால் பிரேக் மிதித்தாலும் ஆடும். மிதித்தால், ஹப்போடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கை, காலிப்பர் என்ற கிடுக்கி கவ்விக்கொள்ளும், ஹப் அசையாது. ஆக, ஆட்டம் பேரிங்கில். வளைவில் ஹப் சாய, கூடவே டிஸ்க்கும் சாய்ந்து காலிப்பரில் உள்ள பேடுகளையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடுகிறது. அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. நான் என்னவோ பாவப்பட்ட மாஸ்டர் சிலிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பிச் சக்கர ஹப்பில் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. அதன் வழியாக, நட்டு கழலாமல் குத்தி வைக்கும் ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கினேன். நட்டு கையாலேயே சுழன்று வந்தது. வெளிப் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெறும் கிரீஸ். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்க வேண்டும். அதற்கும் வெளிப் பேரிங்குக்கும் இடையே ஷிம்கள், அதாவது காகிதம் போல மெல்லிய உலோக வளையங்கள். இரண்டும் இல்லை. இடப்பக்கம் பத்திரமாக இருந்தன. எனக்கு முன்னால் கை வைத்த யாரோ, ஷிம் அளப்பது தலைவலி என்று எடுத்துப் போட்டுவிட்டு, நட்டை இறுக்கித் தளர்த்திப் பின் குத்தி அனுப்பியிருக்கிறார். உங்கள் கட்டுரை சொன்ன அதே முறை.

குழாய் இருந்தால் நட்டை 40 முதல் 70 அடி-பவுண்டு வரை இறுக்கலாம். அந்த அழுத்தத்தில் பேரிங்குகளின் உள்வளையங்கள், குழாய், இவற்றைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சில் எல்லாம் சேர்ந்து ஒரே தடித் தண்டு போல ஆகிவிடும். ஆக்சில் வளைந்து கொடுக்காது. குழாய் இல்லாவிட்டால் சுமை முழுவதையும் அந்த மெல்லிய ஆக்சில் தனியாகத் தாங்க வேண்டும். குழாய் இருக்கும்போது நட்டைத் தளர்த்தி வைத்தாலும் இதே கதிதான்.

அளவு வைப்பது ஒரு பிற்பகல் வேலை. டேப்பர் ரோலர் பேரிங் என்பதால் ஹப்பில் 0.002 முதல் 0.004 அங்குலம் வரை ஆட்டம் விட வேண்டும். முதலில் ஷிம் இல்லாமல் மாட்டி, ஹப் சற்றே பிடிக்கும் வரை இறுக்கினேன். வெளிவளையங்கள் இருப்பிடத்தில் நன்றாக உட்காரட்டும் என்று. பிறகு வேண்டுமென்றே ஷிம்களை அதிகமாகப் போட்டு, நட்டை முழுதாக இறுக்கி, நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்து ஹப்பை முன்னும் பின்னும் இழுத்தேன். 0.011 காட்டியது. 0.008 அளவுக்கு ஷிம் உருவினேன். முள் 0.003-இல் வந்து நின்றது. ஷிம் சேர்த்தால் ஆட்டம் கூடும், எடுத்தால் குறையும். இத்தனை வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த எனக்கே முதலில் தலைகீழாகத்தான் புத்தியில் பட்டது. அளக்கும்போது கிரீஸும் சீலும் போடாதீர்கள், கேஜ் பொய் சொல்லும். கடைசியில் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. 40-க்கும் 70-க்கும் நடுவில் அவ்வளவு இடம் விட்டிருப்பது அதற்குத்தான்.

பெடல் அதிர்ந்தால் டிஸ்க்கைக் கடைசலுக்குக் கொடுங்கள் என்றும் அதே கட்டுரையில் இருந்தது. கடைசல்காரன் நானே சொல்கிறேன், அவசரப்பட வேண்டாம். முதலில் ஹப்பும் டிஸ்க்கும் சேரும் முகத்தில் துருவோ பெயின்டோ இருக்கிறதா பாருங்கள். சுரண்டிவிட்டு, டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி, சுழலும்போது அதில் தெரியும் கோட்டத்தை மறுபடி அளந்தால் பாதி கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும்.

கம்பிச் சக்கரக்காரர்களுக்கு இன்னொன்று. இரண்டு ஹப்பையும் ஒரே நாளில் கழற்றினால் அடையாளம் போட்டு வையுங்கள். இடப்பக்க ஹப்புக்கு வலமரை (வலமாகச் சுற்றினால் இறுகுவது), வலப்பக்கத்துக்கு இடமரை. மாற்றிப் போட்டால் சக்கரம் ஓட ஓட, அதைப் பிடித்திருக்கும் நடு நட்டு தானாகக் கழன்று வரும்.

அடுத்த வாரமே ஒரு சிறு திருத்தம் வெளியிட்டால் நல்லது. எம்.ஜி.பி. வைத்திருக்கும் யாராவது அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு ஸ்பேனரோடு உட்கார்ந்துவிடுவதற்குள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி