வாட்ச் வளையத்தைத் தனியாக விற்றால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசு கொடுத்து வாங்கிய பொருளை நாமே ரிப்பேர் பார்த்துக்கொள்ளவோ, நமக்குப் பிடித்த கடையில் கொடுத்துப் பார்க்கவோ வழி வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகச் சாமான்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரம் அதில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் டர்னராக, அதாவது லேத் வேலையில், இருந்து ஓய்வு பெற்றவன். துபாயில் இருக்கும் மகன் வாங்கிக்கொடுத்த வாட்ச் ஒன்றைத் தினமும் கட்டுகிறேன். கண்ணாடியைச் சுற்றி, திருகினால் கிளிக் கிளிக் என்று நகரும் வளையம் உள்ள வகை. கடையில் பெசல் என்பார்கள். கடலுக்குள் முக்குளிப்பவர்களுக்காக 1950-களில் புழக்கத்துக்கு வந்த ஏற்பாடு இது. தண்ணீருக்குள் இறங்கும்போது வளையத்தில் உள்ள முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். வளையம் இடப்பக்கமாக மட்டுமே சுற்றும். எங்காவது இடித்து நகர்ந்தாலும் ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் கொஞ்சம் முன்னதாக மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான். காற்று தீர்ந்து உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டார். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

நான் கடலில் கால் நனைப்பதோடு சரி. எங்கள் வீட்டில் இந்த வளையத்துக்கு உள்ள வேலை தண்ணீர் மோட்டார். சம்ப்பிலிருந்து மாடித் தொட்டி நிறைய இருபது நிமிஷம் ஆகும். சுவிட்சைப் போட்டதும் வளையத்தைத் திருகி வைத்துக்கொள்வேன். செல்போனில் அலாரம் வைக்கலாமே என்று கேட்பார்கள். செல்போன் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் தொட்டி வழிந்துவிடும். கோடை தொடங்கியதும் வளையம் முதலில் இறுகியது, பிறகு ஒரு நாள் பொசுக்கென்று தளர்ந்து இரண்டு பக்கமும் சுற்ற ஆரம்பித்தது. சட்டைக் கை பட்டாலே நகரும். கீழ் வீட்டுப் பெண் "மாமா, டேங்க் வழியுது" என்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம், மற்ற கம்பெனிகளும் இதையேதான் செய்கின்றன என்று ரிப்பேர்க்காரர்கள் சொல்கிறார்கள். கவுன்ட்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், ரிங் தனியா வராது. கேஸோட சேர்த்துத்தான் மாத்தணும்." கேஸ் என்றால் வாட்ச்சின் உடம்பு. அதற்கு அவன் சொன்ன தொகை வாட்ச் விலையில் பாதிக்கு மேல். ரிங்கும் வேண்டாம், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மட்டும் கொடுங்கள் என்றேன். அப்படி ஒரு பார்ட்டே அவன் கம்ப்யூட்டரில் இல்லை.

சயானி பஸ் ஸ்டாப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பவரிடம் காட்டினேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிப் பார்த்துவிட்டு, "கழட்டிடுவேன் சார். உள்ள கம்பி உடைஞ்சிருந்தா நான் எங்க போவேன்?" என்றார். ஹெச்.எம்.டி. வாட்ச் காலத்தில் அவருக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ஜனதா மாடலுக்குச் சாவியோ, கண்ணாடியோ, முள்ளோ, எது கேட்டாலும் பாரிமுனைப் பக்கம் போனால் கிடைக்கும் என்றார். இப்போது பேட்டரியும் ஸ்ட்ராப் பின்னும்தான் அவர் பிழைப்பு.

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வளையத்தின் அடியில் ஓரிடத்தில் மட்டும் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள், நெம்புவதற்காகவே. பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றைச் சாணையில் தேய்த்து மெல்லிய ஆப்பு மாதிரி ஆக்கி, முனையில் பிசிறு இல்லாமல் ஆயில் கல்லில் இழைத்துக்கொண்டேன். கேஸில் ஸ்ட்ராப் மாட்டும் காதுகளைச் சுற்றி டேப் ஒட்டினேன். ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் கோணிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்து தூக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு பெரிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டுச் செய்தேன். ஸ்பிரிங் வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: தெறித்து அலமாரிக்கு அடியில் போனால் போனதுதான்.

உள்ளே பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரே அழுக்கு. வியர்வை உப்பு, பவுடர், தூசி எல்லாம் சேர்ந்து கெட்டியாகிவிட்டது. சென்னை வெயிலில் வாட்ச் கட்டுகிற எவர் வளையத்தைக் கழற்றினாலும் இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் ஒரு சின்னப் பள்ளத்தில் கிளிக் ஸ்பிரிங் என்கிற கம்பி, அரை இஞ்ச்கூட இல்லாதது, துருப்பிடித்து இரண்டாக உடைந்து கிடந்தது. அதன் நுனி வளையத்தின் அடியில் உள்ள பற்களில் மாட்டுவதால்தான் கிளிக் சத்தமும் வரும், ஒரு பக்கம் மட்டும் சுற்றவும் செய்யும். என் வாட்ச்சில் சுற்றுக்கு 120 பல், ஒரு கிளிக்குக்கு அரை நிமிஷம். வளையம் என்ன, கேஸ் என்ன, எல்லாம் எவர்சில்வரில் செய்துவிட்டு இந்தக் கம்பிக்கு மட்டும் துருப்பிடிக்கிற இரும்பைப் போட்டவர் யாரோ, அவரை ஒரு மே மாதம் எங்கள் ஷெட்டில் நிற்க வைத்திருக்க வேண்டும்.

டூத் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்ததில் அழுக்கு போய்விட்டது. கம்பிக்கு என்ன செய்வது? எதிர் வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கும் அம்மா அறுந்த தந்தி ஒன்றைக் கொடுத்தார். வீணையின் எஃகுத் தந்தி நல்ல ஸ்பிரிங் கம்பி. ஆனால் அதைச் சூடு காட்டி வளைக்கக் கூடாது, விறைப்பு போய்விடும். கூர்மையாக மடித்தாலும் முறியும். மூக்குக் குறட்டில் பிடித்து வளைவைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்து, உடைந்த துண்டுகளைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்து வெட்டினேன். மற்றதெல்லாம் சுலபம். பெசலுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் துளி தடவி, மேலே துணி சுற்றிய பி.வி.சி. பைப் கப்ளிங்கை வைத்து அழுத்தினேன். கப்ளிங் எதற்கென்றால், அழுத்தம் வளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும், கண்ணாடி மேல் படக் கூடாது.

வளையம் இப்போது பழையபடி ஒரு பக்கம்தான் சுற்றுகிறது. முன்னைவிடக் கொஞ்சம் முரட்டுத்தனமான கிளிக். ஆனால் வீணைத் தந்தியும் இரும்புதானே, வியர்வை பட்டால் அதுவும் துருப்பிடிக்கும். இதற்குச் சரியான தீர்வு எவர்சில்வரில் செய்த அந்த அரை இஞ்ச் கம்பி. அதைக் கம்பெனி ஐம்பது ரூபாய்க்கு விற்றாலும் லாபம்தான்.

வாங்கியவர் கை வைத்தால் வாட்டர் ரெசிஸ்டன்ஸ் போய்விடும் என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பின்மூடியைத் திறப்பவர்களுக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். அதைத் திறந்தால் ரப்பர் வளையம் மாற்றி, பிரஷர் டெஸ்ட் பார்க்க வேண்டும், அதற்கு மெஷின் வேண்டும். வீட்டில் யாரும் முயல வேண்டாம். ஆனால் என்னுடையதைப் போன்ற வாட்ச்சில் தண்ணீரைத் தடுப்பது கண்ணாடியின் அடியில் உள்ள கேஸ்கட், சாவியில் உள்ளது, பின்மூடியில் உள்ளது. பெசல் இவை எல்லாவற்றுக்கும் வெளியே சும்மா மாட்டிக்கொண்டிருப்பது. அதைக் கழற்றினால் தண்ணீர் உள்ளே போகும் என்பது, ஸ்கூட்டரின் மட்கார்டைக் கழற்றினால் இன்ஜின் கெடும் என்பதைப் போல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பின்மூடியைத் திறக்காமல் மாற்றக்கூடிய சாமான்கள், அதாவது பெசல், அதன் ஸ்பிரிங், அடியில் உள்ள ரப்பர், ஸ்ட்ராப் பின் ஆகியவற்றைப் பார்ட் நம்பரோடும் விலையோடும் வாரண்டி புத்தகத்தில் அச்சடிக்க வேண்டும். கேட்பவர் யாராக இருந்தாலும் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். என்னைப் போல வீட்டில் கை வைப்பவர்கள் குறைவு, தெரியும். கண்ணாடிப் பெட்டிக்காரர்களுக்காவது அது பயன்படும்.

தமிழ்நாடு அரசும் இதில் ஏதாவது செய்யலாம். 1984-ல் டைட்டன் தொடங்கியபோது டாடாவோடு கூட்டுச் சேர்ந்தது நம் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ. தொழிற்சாலையும் நம் ஓசூரில். என் வாட்ச் அங்கே செய்ததல்ல, என் குறைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் நம் மாநில அரசு பங்கு வைத்திருக்கும் கம்பெனி இப்படி ஒரு பார்ட்ஸ் பட்டியலை முதலில் போட்டால், மற்றவர்கள் போட மாட்டோம் என்று சொல்வது கஷ்டம். டிட்கோவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அடுத்த போர்டு மீட்டிங்கில் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். டர்னர்,
அயனாவரம், சென்னை-23.